எட்டரையா, பத்தா?

1962இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் டர்போ பொருத்திய இரண்டு கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், இன்னொன்று ஷெவர்லே கோர்வேர் மோன்ஸா ஸ்பைடர். முதலாளி ஒருவரே, பெட்ரோல் பங்க்குகளில் கிடைத்த எரிபொருளும் ஒன்றே. ஆனாலும் இரண்டு பொறியாளர் குழுக்களும் ஒரே கேள்விக்கு நேரெதிரான பதில்களை எழுதின. கோர்வேர் குழு, டர்போ இல்லாத வேகமான மாடலில் 9 ஆக இருந்த அமுக்க விகிதத்தை 8க்கு இறக்கிவிட்டு டர்போவை மாட்டியது. ஓல்ட்ஸ்மொபைல் குழு 10.25 என்ற உயர்ந்த விகிதத்தைக் குறைக்கவே இல்லை.

அந்த உயரத்தில் இன்ஜினைக் காப்பாற்ற ஒரு துணை தேவைப்பட்டது. காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை, டர்போ வேலை செய்யும்போதெல்லாம் உள்ளே போகும் கலவையோடு சேர்த்துத் தெளித்தார்கள். அதற்கு ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’ என்று பெயர் வைத்து, அதற்கெனத் தனித் தொட்டியும் கொடுத்தார்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், கலவை குளிரும், 10.25 விகிதமும் டர்போ தரும் 5 பிஎஸ்ஐ கூடுதல் அழுத்தமும் (பூஸ்ட்) ஒரே சிலிண்டரில் சண்டையில்லாமல் வாழும். 3.5 லிட்டர் இன்ஜின் 215 குதிரைத்திறன் கொடுத்தது. கணக்கில் பிழையே இல்லை. காரை வாங்கியவர்கள்தான் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். திரவம் தீர்ந்தால் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்று காரைச் சோம்பலாக்கிவிடும். பிறகு டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டர் மாட்டித்தரவும் நிறுவனம் முன்வந்தது. ஜெட்ஃபயர் இரண்டு மாடல் ஆண்டுகளோடு முடிந்தது. 8க்கு இறங்கிய கோர்வேரின் டர்போ வரிசை 1966 வரை ஓடியது.

பழைய இன்ஜினை இறக்கி, பிரித்து, போர் போட்டு, டர்போவோடு மறுபடி கட்ட நினைக்கும் எவரும் கடைசியில் வந்து நிற்பது அந்த இரண்டு குழுக்களும் நின்ற இடத்தில்தான். புதுப் பிஸ்டன் வாங்க வேண்டும். விற்பனைப் பட்டியலில் 8.5, 9, 10 என்று எண்கள் வரிசையாக நிற்கின்றன. எதை எடுப்பது?

எண்ணின் பொருள் எளிது. பிஸ்டன் அடிமட்டத்தில் நிற்கும்போது அதன் தலைக்கு மேலே இருக்கும் மொத்தக் கொள்ளளவை, அது உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பது அமுக்க விகிதம். அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை ஜப்பானின் புகழ்பெற்ற ஓர் இன்ஜினில் வைத்துப் பார்க்கலாம். டொயோட்டா சுப்ராவில் வந்த 2ஜேஇசட் வரிசை ஆறு சிலிண்டர் கொண்டது. விட்டம் 86 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரமும் 86 மி.மீ. அதில் டர்போ இல்லாத ‘ஜிஇ’ இன்ஜினுக்கு விகிதம் 10. டர்போ உள்ள ‘ஜிடிஇ’க்கு 8.5. ஒரு சிலிண்டரில் பிஸ்டன் துடைத்துச் செல்லும் கொள்ளளவு ஏறக்குறைய 499.6 சி.சி. விகிதம் 8.5 ஆக இருந்தால் உச்சியில் மிஞ்சுவது 66.6 சி.சி.; 9 ஆனால் 62.4, 10 ஆனால் 55.5. அதாவது 8.5க்கும் 9க்கும் நடுவே இருப்பது ஒரு தேக்கரண்டி நீருக்கும் குறைவான இடம். அந்தத் தேக்கரண்டியை வைத்துத்தான் இவ்வளவு வாக்குவாதமும்.

பலரும் விகிதத்தை இன்ஜினின் வீரத்தைக் காட்டும் எண்ணாகப் பார்க்கிறார்கள். பந்தயக்காரன் 10 வைப்பான், பயந்தவன் 8 வைப்பான் என்ற பேச்சு பட்டறைகளில் சகஜம். அந்தப் பார்வையே தவறு. ஓர் எரிபொருளுக்குத் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. அந்த எல்லைக்குள் எவ்வளவைப் பிஸ்டனிடம் கொடுப்பது, எவ்வளவை டர்போவிடம் கொடுப்பது என்ற பங்கீடுதான் அமுக்க விகிதம். ஆகவே பிஸ்டன் முதலில் வாங்கும் பொருள் அல்ல. எரிபொருள், உள்ளே போகும் காற்றின் வெப்பம், டர்போவின் அளவு, வண்டியின் உபயோகம் ஆகியவை முடிவான பிறகு கடைசியாக வாங்க வேண்டிய பொருள். பூஸ்டை ஒரு திருகில் மாற்றலாம். தீப்பொறி நேரத்தை மடிக்கணினியில் மாற்றலாம். பிஸ்டனை மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினை மறுபடி இறக்க வேண்டும்.

அந்த எல்லைக்குப் பெயர் நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ எரிஅறையின் குறுக்கே பரவிக்கொண்டிருக்கும்போது, தீ இன்னும் எட்டாத ஓரத்துக் கலவை நசுங்கிச் சூடேறுகிறது. தீ வந்து சேரும் முன்பே அது தானாகப் பற்றிவிட்டால், அந்த ஓரம் முழுவதும் ஒரே கணத்தில் வெடிக்கிறது. அழுத்த அலை சிலிண்டரின் சுவர்களுக்கு இடையே மோதி மோதித் திரும்புகிறது. 86 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் அந்த அலையின் அதிர்வெண் ஏறக்குறைய 6,500 ஹெர்ட்ஸ். பிளாக்கில் திருகப்பட்டிருக்கும் நாக் சென்சார் காது கொடுத்துக் கேட்பது இந்த ஒலியைத்தான். ஓட்டுபவரின் காதில் விழும் ‘கிணிகிணி’ ஓசையை மட்டும் நம்பியிருந்தால், டர்போ இன்ஜினில் அது கேட்கும் நேரத்தில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருக்கலாம்.

இந்த எல்லையை முறையாக அளந்தவர் இங்கிலாந்துக்காரர் ஹாரி ரிக்கார்டோ. முதல் உலகப் போர் முடிந்ததும் ஷெல் நிறுவனத்துக்காக அவர் ‘இ35’ என்ற சோதனை இன்ஜினை உருவாக்கினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரை மேலும் கீழும் நகர்த்தி விகிதத்தை மாற்றக்கூடிய இன்ஜின் அது. ஒவ்வொரு எரிபொருளையும் ஊற்றி, நாக்கிங் தொடங்கும் வரை விகிதத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஹென்றி டிசார்ட், டேவிட் பை ஆகியோர் அந்த ஆய்வில் அவரோடு இருந்தார்கள். தெரிய வந்தது இதுதான்: இன்ஜினின் எல்லையை முதலில் நிர்ணயிப்பது எரிபொருள். எல்லாவற்றையும் விட நன்றாகத் தாக்குப்பிடித்தவற்றில் ஒன்று டொலுவீன். ரிக்கார்டோ மற்ற எரிபொருள்களை அதோடு ஒப்பிட்டு ‘டொலுவீன் எண்’ என்றே ஓர் அளவுகோல் வைத்தார். பிற்பாடு ஐசோ-ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்த ஆக்டேன் எண் அதன் இடத்தைப் பிடித்தது.

பிஸ்டன் விகிதம் இந்தக் கதையில் எங்கே நுழைகிறது? வெப்பத்தின் வழியாக. கலவையை நசுக்கினால் அது சூடாகும். எவ்வளவு அதிகம் நசுக்குகிறோமோ அவ்வளவு அதிகம் சூடாகும். சிலிண்டருக்குள் வரும் கலவை 47 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 8.5 என்றால், தீப்பொறியை விட்டுவிட்டு வெறும் நசுக்கலை மட்டும் கணக்கிட்டால் உச்சியில் அது ஏறக்குறைய 404 டிகிரி. விகிதம் 10 என்றால் 443. அந்த ஒன்றரை எண்ணின் விலை 40 டிகிரிக்குச் சற்றுக் குறைவு.

இப்போது விகிதத்தை 8.5இலேயே நிறுத்திவிட்டு, உள்ளே வரும் கலவையை மட்டும் 20 டிகிரி சூடாக்கிப் பார்ப்போம். 67 டிகிரியில் தொடங்கினால் உச்சியில் 446. பத்து விகிதத்தில் கிடைத்த அதே சூடு! உள்ளே போகும் காற்றின் 20 டிகிரி, பிஸ்டனின் ஒன்றரை எண்ணுக்குச் சமம். டர்போ இன்ஜின் கட்டுபவர் மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டென்றால் அது இதுவே.

அந்த 20 டிகிரி எங்கிருந்து வரும், எங்கே போகும் என்பது டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே தீர்மானமாகிறது. வெளிக்காற்று 35 டிகிரியாக இருக்கும் ஒரு நாளில், வளிமண்டல அழுத்தத்தை இரட்டிப்பாக்கும் டர்போ, 70 சதவீதத் திறனோடு வேலை செய்தாலும் காற்றை ஏறக்குறைய 131 டிகிரிக்குச் சூடாக்கிவிடும். நல்ல இன்டர்கூலர் அந்த ஏற்றத்தில் 70 சதவீதத்தைத் திரும்ப எடுத்துவிட்டால் 64 டிகிரியில் காற்று உள்ளே போகும். வெந்நீராகிப்போன ரேடியேட்டருக்குப் பின்னால் சொருகிய சின்ன இன்டர்கூலர் பாதியை மட்டுமே எடுத்தால் 83 டிகிரி. வித்தியாசம் 19 டிகிரி. மலிவான இன்டர்கூலர் போட்டவர், தன் 8.5 பிஸ்டனைத் தானே 10 ஆக்கிக்கொள்கிறார். 10 விகிதத்தின் லாபம் மட்டும் அவருக்குக் கிடைக்காது.

லாபம் என்று ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. அதிகம் நசுக்கினால் எரிந்த வாயு அதிகம் விரிகிறது; எரிபொருளின் வெப்பத்தில் பெரிய பங்கு வேலையாக மாறுகிறது. பாடப்புத்தகத்தின் ஆட்டோ சுழற்சிப்படி 8.5 விகிதத்தில் இலட்சியத் திறன் 57.5 சதவீதம், 10இல் 60.2 சதவீதம். உண்மையான இன்ஜினில் இந்த எண்கள் வெகுவாகக் குறையும். ஆனால் இரண்டுக்கும் உள்ள விகிதம், அதாவது 100க்கு நான்கைந்து என்ற முன்னேற்றம், ஓரளவு நிற்கும். டர்போ சுழலத் தொடங்காத ஒவ்வொரு நிமிடத்திலும், சிக்னலில் கிளம்பும்போதும் மெதுவாக ஊருக்குள் ஓடும்போதும், அந்த நான்கைந்து சதவீதம் ஓட்டுபவரின் காலுக்கும் பெட்ரோல் செலவுக்கும் தெரியும்.

முழு பூஸ்டில் அதே நான்கைந்து சதவீதத்தை வேறு வழியிலும் வாங்கலாம். இன்ஜினுக்குள் 2 பார் முழுமை அழுத்தத்தில் காற்று போகிறதென்றால், அதை 2.1 ஆக்கினால் போதும். ஐந்து சதவீதம் கூடுதல் காற்று, ஐந்து சதவீதம் கூடுதல் முறுக்குவிசை. இதனால்தான் பழைய டர்போ கார்கள் விகிதத்தை அவ்வளவு தாராளமாகத் தியாகம் செய்தன. 1973இன் பிஎம்டபிள்யூ 2002 டர்போவில் 6.9, 1975இன் போர்ஷே 911 டர்போவில் 6.5. பூஸ்ட் வரும்வரை அந்தக் கார்கள் தூங்கின. வந்தபின் சாலையில் பின்சக்கரத்தைக் கட்டுப்படுத்துவதே ஓட்டுநரின் வேலையானது.

இங்கே ஒரு வாய்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூஸ்டையும் விகிதத்தையும் பெருக்கி ‘செயல்விகிதம்’ என்று ஓர் எண்ணை எடுத்து, அது இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது. அதன்படி 8.5 விகிதமும் 2 பார் முழுமை அழுத்தமும் சேர்ந்தால் 17. 10 விகிதமும் 1.7 பாரும் சேர்ந்தாலும் 17. இரண்டும் ஒன்றென்று வாய்பாடு சொல்கிறது. முதல் இன்ஜினுக்குள் 17 சதவீதத்துக்கும் மேல் அதிகக் காற்று போகிறது. இரண்டாவதன் திறன் உயர்வைக் கழித்த பிறகும் முதலாவதன் முறுக்குவிசை ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதல். காற்றின் வெப்பம் இந்த வாய்பாட்டில் எந்த இடத்திலும் இல்லை, ஆக்டேன் இல்லை, இன்ஜின் சுழலும் வேகம் இல்லை. அதைத் தூக்கிப்போட்டுவிடுவது நல்லது.

பங்கீடு என்றால் என்ன என்பதை 1988இல் ஹோண்டா காட்டியதைப் போல வேறு யாரும் காட்டவில்லை. அப்போது ஃபார்முலா 1 பந்தயத்தில் 1.5 லிட்டர் டர்போ இன்ஜின்களின் காலம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. 1987இல் டர்போவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 4 பார். ஒரு பந்தயத்துக்கு 195 லிட்டர் எரிபொருள். அடுத்த ஆண்டு விதியாளர்கள் டர்போக்காரர்களை ஒடுக்க முடிவு செய்து, அழுத்தத்தை 2.5 பாருக்கும் எரிபொருளை 150 லிட்டருக்கும் இறக்கினார்கள். பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்ப ஏற்கெனவே தடை இருந்தது. டர்போ இல்லாத 3.5 லிட்டர் இன்ஜின்களுக்கோ எரிபொருள் வரம்பே கிடையாது. 1989இலிருந்து டர்போவுக்கு முழுத் தடை. எஞ்சியிருப்பது ஒரே ஆண்டு. பழைய இன்ஜினை அப்படியே பூஸ்ட் குறைத்து ஓட்டிவிட்டுப் போவதே எளிய வழி.

ஹோண்டா அந்த வழியில் போகவில்லை. 4 பாருக்காகக் கட்டிய 1987இன் இன்ஜினில் அமுக்க விகிதம் 7.4. அழுத்தம் 2.5க்கு இறங்கியதும் டர்போவின் பங்கு சுருங்கியது. அந்த இடம் காலியானது. அதைப் பிஸ்டனிடம் கொடுத்தார்கள். ஆர்ஏ168இ என்ற புதிய இன்ஜினின் விகிதம் 9.4. இரண்டு முழு எண் ஏற்றம். இதனால் பந்தயம் முழுவதையும் 150 லிட்டரில் முடிக்கக்கூடிய திறன் கிடைத்தது. எரிபொருள் விதிப்படி 102 ஆக்டேனுக்குள் இருக்க வேண்டும். அதற்குள் நின்றுகொண்டே 84 சதவீதம் டொலுவீனும் 16 சதவீதம் நார்மல் ஹெப்டேனும் கலந்த திரவத்தை ஊற்றினார்கள். ரிக்கார்டோ எரிபொருள்களை அளக்கும் கோலாக வைத்த அதே டொலுவீன், ஏழு பதிற்றாண்டுகள் நெருங்கும் வேளையில் உலகின் மிகச் சிறந்த டர்போ இன்ஜினின் தொட்டியில். டொலுவீன் எளிதில் ஆவியாகாது என்பதால் எரிபொருளைச் சூடாக்கி அனுப்ப வேண்டியிருந்தது. இன்ஜின் 12,500 சுழற்சியில் 685 குதிரைத்திறன் கொடுத்தது. அதைச் சுமந்த மெக்லாரன் எம்பி4/4 அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் 15ஐ வென்றது: அயர்டன் சென்னா எட்டு, அலன் ப்ராஸ்ட் ஏழு.

கவனிக்க வேண்டியது வெற்றியை அல்ல, வரிசையை. முதலில் பூஸ்ட் முடிவானது, எரிபொருளின் அளவும் ஆக்டேனும் முடிவானது. அதன் பிறகே பிஸ்டன் வந்தது. 9.4 ‘தைரியமான’ எண்ணும் அல்ல, 7.4 ‘கோழை’ எண்ணும் அல்ல. ஒரே நிறுவனம், ஓராண்டு இடைவெளியில், இரண்டும் சரி.

சாலையில் ஓடும் வண்டிக்கு விதியாளர் இல்லை. பெட்ரோல் பங்க்தான் விதியாளர். தமிழ் வாசகர் இங்கே ஒரு கண்ணியில் சிக்கிவிட வாய்ப்பு அதிகம். டர்போ இன்ஜின் கட்டுவது பற்றிய அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே பங்க்கில் எழுதியிருக்கும் 91 என்பது, ‘ஆர்’ முறையிலும் ‘எம்’ முறையிலும் அளந்த இரண்டு ஆக்டேன் எண்களின் சராசரி. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் எழுதுவது ‘ஆர்’ எண் மட்டும். அமெரிக்காவின் 91 நம் கணக்கில் ஏறக்குறைய 95 அல்லது 96. பிஎஸ்-6 விதிகள் வந்தபோது இங்கே சாதாரண பெட்ரோலுக்குக் கட்டாயமாக்கிய குறைந்தபட்ச அளவு 91. எண் ஒன்று, பொருள் வேறு. அங்கே ‘91 ஆக்டேனில் 9.5 விகிதம், 15 பிஎஸ்ஐ பூஸ்ட் நன்றாக ஓடுகிறது’ என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னதை இங்கே அப்படியே செய்பவர், நான்கைந்து எண் குறைந்த பெட்ரோலில் ஓட்டிப் பிஸ்டனை இழப்பார். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 95 என்ற தரம் வைக்கப்பட்டிருப்பது இந்த இடைவெளியைக் குறைத்திருக்கிறது.

எத்தனால் தனிப் பேச்சுக்கு உரியது. அதன் ஆக்டேன் எண் 108ஐத் தாண்டும் என்பது பாதிக் கதை. மீதிப் பாதி குளிர்ச்சி. ஒரு கிலோ எத்தனால் ஆவியாக இழுக்கும் வெப்பம், ஒரு கிலோ பெட்ரோல் இழுப்பதைப் போல இரண்டரை மடங்கு. போதாததற்கு, அதே காற்றுக்குப் பெட்ரோலைவிட மிக அதிக எத்தனால் தேவைப்படுகிறது: பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ, எத்தனாலுக்கு 9 கிலோவுக்கே ஒரு கிலோ. ஓல்ட்ஸ்மொபைல் தனித் தொட்டியில் வைத்துத் தெளித்த குளிர்ச்சியை எத்தனால் தன்னோடு கொண்டுவருகிறது. 85 சதவீத எத்தனால் எப்போதும் கிடைக்கும் நாட்டில் ஒருவர் 2ஜேஇசட் கட்டினால், 10 விகிதப் பிஸ்டனைத் தயங்காமல் எடுக்கலாம். எங்கே போனாலும் கிடைப்பதை ஊற்றித்தான் ஓட்ட வேண்டும் என்றால் 8.5க்கும் 9க்கும் நடுவே நிற்பதே அறிவு. ‘பெரும்பாலும் நல்ல பெட்ரோல்தான் போடுவேன்’ என்பவருக்கும் அதே பதில்தான். ஏனென்றால் பிஸ்டனை உடைக்க ஒரே ஒரு மோசமான தொட்டி போதும்.

அடுத்து, டர்போவின் அளவு. நாக்கிங் ஏற்படக் கலவைக்கு வெப்பமும் அழுத்தமும் மட்டுமல்ல, நேரமும் வேண்டும். எரிதலுக்கு கிராங்க் 50 டிகிரி சுழல வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 2,000 சுழற்சியில் அதற்கு 4.2 மில்லி நொடி ஆகும். 6,000 சுழற்சியில் 1.4 தான். மெதுவாகச் சுழலும்போது ஓரத்துக் கலவை மூன்று மடங்கு நேரம் வெந்துகொண்டிருக்கிறது. சின்ன டர்போ 2,000 சுழற்சியிலேயே முழு பூஸ்டைக் கொண்டுவந்து கொட்டும். பெரிய டர்போ 4,500க்கு மேல்தான் கண் விழிக்கும். ஆகவே பெரிய டர்போக்காரருக்குக் கொஞ்சம் உயர்ந்த விகிதம் இரட்டை நன்மை: டர்போ தூங்கும் நீண்ட வேளையில் இன்ஜினுக்கு உயிர் இருக்கும், பூஸ்ட் வரும் நேரத்தில் நாக்கிங்குக்கு அவகாசம் குறையும்.

இன்றைய புதுக் கார்களைப் பார்த்துவிட்டு 8.5 என்பது பழங்கால எண் என்று நினைப்பவர்களும் உண்டு. டொயோட்டா ஜிஆர் யாரிஸின் மூன்று சிலிண்டர் டர்போவில் 10.5. இந்தியாவில் டைகுன், விர்டஸ் கார்களில் ஓடும் ஃபோக்ஸ்வாகனின் 1.5 லிட்டர் டர்போவிலும் 10.5. அதே இன்ஜினை 96 கிலோவாட்டுக்கு இறக்கி, உறிஞ்சும் வால்வை முன்கூட்டியே மூடும் முறையோடு ஐரோப்பாவில் விற்றபோது 12.5 வரை போனார்கள். நிசானோ ஒருபடி மேலே போய், 8க்கும் 14க்கும் இடையே ஓட்டத்திலேயே விகிதத்தை மாற்றிக்கொள்ளும் இன்ஜினை 2018இல் இன்ஃபினிட்டி க்யூஎக்ஸ்50 காரில் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. ரிக்கார்டோவின் சோதனைச் சாலைக் கனவு அது.

இந்த உயர்வுக்குக் காரணம் பிஸ்டன் அல்ல. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால் அது உள்ளேயே ஆவியாகி, அங்கேயே குளிரவைக்கிறது. வால்வு நேரம் நொடிக்கு நொடி மாறுகிறது. 1982இல் சாப் நிறுவனம் பெர் கில்பிராண்ட் குழுவின் ‘ஏபிசி’ முறையில் தொடங்கி வைத்த வழக்கமும் சேர்ந்துகொள்கிறது: நாக்கிங்கைச் சென்சார் கேட்டதும் பூஸ்டைக் குறைத்துவிடுவது. அந்த ஒரு காது கிடைத்ததும் சாப் தன் டர்போவின் விகிதத்தை 7.2இலிருந்து 8.5க்கு ஏற்றியது. 1990களின் 2ஜேஇசட் பெட்ரோலை உறிஞ்சுகுழாயில் தெளிக்கும் வகை. அதில் 2020இன் 10.5ஐக் கொண்டுவந்து வைத்தால், அந்த எண்ணைத் தாங்கி நின்ற தூண்களை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கொண்டுவருகிறோம்.

விகிதத்தைக் குறைக்க இன்னொரு மலிவான வழியும் இருக்கிறது. அதன் மேல் ஆசைப்படாதவர் குறைவு. டர்போ இல்லாத 10 விகித இன்ஜினைப் பிரிக்காமல், ஹெட்டை மட்டும் தூக்கித் தடித்த கேஸ்கெட்டைப் போடுவது. 2ஜேஇசட் ஜிஇ இன்ஜினில் 87 மி.மீ. துளையுள்ள கேஸ்கெட்டை 1 மி.மீ. தடிப்பாக்கினால் ஒரு சிலிண்டருக்கு 5.9 சி.சி. இடம் கூடும்; விகிதம் 9.1க்கு இறங்கும். கணக்கு சரியாக வருகிறது, இன்ஜினுக்குத்தான் நல்லதல்ல. பிஸ்டனின் விளிம்பும் ஹெட்டின் தட்டையான ஓரமும் உச்சியில் ஒரு மி.மீ. நெருக்கத்தில் சந்திக்கும்போது, அங்கிருக்கும் கலவை நடுவை நோக்கிப் பீறிடும். அந்தக் கொந்தளிப்பு தீயை வேகமாகப் பரப்புகிறது. நாக்கிங் தொடங்கும் அதே ஓரத்தில் கலவையே இல்லாமல் செய்கிறது. இடைவெளி இரண்டு மி.மீ. ஆனால் பீறிடல் செத்துவிடும். கலவை மட்டும் ஓரத்தில் தங்கி வேகும். விகிதம் குறைந்தும் நாக்கிங் குறையாத இன்ஜின்கள் இப்படித்தான் உருவாகின்றன. குறைக்க வேண்டிய கொள்ளளவைப் பிஸ்டனின் தலையில் குழிவாகக் கொடுத்து, விளிம்பின் நெருக்கத்தைக் காப்பாற்றுவதே சரியான வழி. ஜிடிஇ இன்ஜினில் டொயோட்டா அடியிலிருந்து பிஸ்டன் மேல் எண்ணெய் பீய்ச்சும் துளைகளையும் வைத்தது. சூடான பிஸ்டன் தலை, கலவைக்குச் சூடான தரை. கேஸ்கெட் மாற்றுவதால் அதுவும் கிடைக்காது.

பிஸ்டனின் உலோகத்தையும் இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். அடித்து உருவாக்கிய பிஸ்டன்களில் இரண்டு அலுமினியக் கலவைகள் புழக்கத்தில் உள்ளன. 4032இல் சிலிக்கன் ஏறக்குறைய 12 சதவீதம். குறைவாக விரியும், சிலிண்டருக்குள் நெருக்கமாகப் பொருந்தும், குளிரில் சத்தம் குறையும். 2618இல் சிலிக்கன் மிகக் குறைவு; அதிகம் விரியும், தளர்வாகப் பொருத்த வேண்டும், ஆனால் நாக்கிங்கின் அடியை முறியாமல் வாங்கிக்கொள்ளும். டர்போவுக்கு 2618 என்பது பரவலான முடிவு, நியாயமானதும்கூட. ஆனால் வலுவான பிஸ்டன் நாக்கிங்கைத் தடுக்காது. உடைவதைத் தள்ளிப்போடும், அவ்வளவே.

கடைசியில் எல்லாம் மறுபடி அந்தத் தேக்கரண்டிக்குத் திரும்புகிறது. பிஸ்டன் பெட்டியில் அச்சிட்ட 8.5 ஒரு வாக்குறுதி மட்டுமே. அதை நிறுவனம் கற்பனையான ஒரு ஹெட்டுக்கும் கேஸ்கெட்டுக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. தேய்ந்த சிலிண்டரை 86.5 மி.மீ.க்குப் போர் போட்டால் துடைக்கும் கொள்ளளவு 505.4 சி.சி. ஆகிறது. கோணிப்போன பிளாக்கின் மேல்முகத்தை 0.2 மி.மீ. சீவினால் உச்சியில் 1.2 சி.சி. போய்விடுகிறது. பிஸ்டனின் குழிவு பழைய அளவிலேயே இருந்தால் இவை இரண்டும் சேர்ந்து 8.5ஐ 8.7 ஆக்கிவிடும். ஹெட்டையும் சீவினால் இன்னும் ஏறும். நல்ல பட்டறையில் இதை ஊகிக்க மாட்டார்கள். வால்வுகளை மூடிய ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, துளையிட்ட கண்ணாடித் தகட்டால் எரிஅறையை மூடி, ப்யூரெட்டிலிருந்து திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பார்கள். பிறகு பிஸ்டன் குழிவு, கேஸ்கெட்டின் நசுங்கிய தடிமன், உச்சியில் பிஸ்டன் நிற்கும் ஆழம். ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியாக. ஒரு சிலிண்டர் மட்டும் இரண்டு சி.சி. குறைந்து நின்றால், முழு இன்ஜினின் பூஸ்டையும் அந்த ஒரு சிலிண்டர்தான் நிர்ணயிக்கும்.

தேர்வு சரியா என்பது டைனோமீட்டரில் தெரிந்துவிடும். தீர்மானித்த எரிபொருளை ஊற்றி, தீர்மானித்த பூஸ்டில், தீப்பொறி நேரத்தை ஒவ்வொரு டிகிரியாக முன்னால் நகர்த்துவார்கள். முறுக்குவிசை ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் தட்டையாகிவிடும். அதற்கு மேல் முன்னேற்றினாலும் ஏறாது. நாக்கிங் அந்தத் தட்டையான இடத்துக்குப் பின்னால் வந்தால், எரிபொருள் கேட்டதைவிட அதிகப் பாதுகாப்பு பிஸ்டனில் இருக்கிறது. பூஸ்டைக் கூட்டலாம், அடுத்த முறை அரை எண் உயர்த்தலாம். முறுக்குவிசை ஏறிக்கொண்டிருக்கும்போதே நாக்கிங் வந்து வழிமறித்தால், விகிதம் அந்த எரிபொருளுக்கும் காற்றுக்கும் அதிகம். அப்போது தீப்பொறியைப் பின்னுக்கு இழுத்து ஓட்ட வேண்டும். இரண்டு மூன்று டிகிரி இழுப்பது எல்லா டர்போ இன்ஜினும் வாழும் வாழ்க்கை. ஆறு, எட்டு டிகிரி இழுக்க வேண்டியிருந்தால், உயர்ந்த விகிதம் கொடுத்த நான்கைந்து சதவீதம் அங்கேயே கரைந்துபோகும். தாமதமாக எரியும் வாயு சூடாக வெளியேறி, வெளியேற்று வால்வையும் டர்போவின் சக்கரத்தையும் வேகவைக்கும். அந்த நிலையில் முதலில் பார்க்க வேண்டியது இன்டர்கூலர், அடுத்து எரிபொருள், அதற்குப் பிறகு பூஸ்ட் திருகு. மூன்றும் சரியாக இருந்தும் நாக்கிங் நகரவில்லை என்றால் மட்டுமே ஹெட் போல்ட்டில் கை வைப்பார்கள்.